பாடல் பெறாத எல்லை

ஓசூரிலிருந்து தளி வழியாக ஜவளகிரி போகும் சாலையில் காதில் விழும் மொழி ஊருக்கு ஊர் மாறுகிறது. பேருந்தின் நெற்றிப் பலகையில் தமிழ், தேநீர்க் கடைத் திண்ணையில் தெலுங்கு, தக்காளிக்கு விலை பேசும் இடத்தில் கன்னடம், பஞ்சர் ஒட்டும் கடையில் உருது. சிப்காட் கொட்டகைகள் பின்தங்கியதும் பாலிதீன் கூரை போட்ட ரோஜாக் குடில்கள் வருகின்றன. பிறகு கேழ்வரகுக் கொல்லைகள், அதற்கப்பால் காடு. காட்டைத் தாண்டினால் கர்நாடகம். பேருந்தில் பாட்டு போட்டால் அது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுதான். அந்தப் பாட்டுகளில் மதுரை வரும், தஞ்சாவூர் வரும், திருநெல்வேலி அல்வா வரும், மெட்ராஸ் வந்துகொண்டே இருக்கும். பேருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஊர் மட்டும் வராது. தமிழ்நாட்டைப் பற்றியும் அதன் நகரங்களைப் பற்றியும் இத்தனை பாட்டு கட்டியிருக்கிறோம். மாநிலத்தின் பெரிய தொழில் நகரங்களில் ஒன்றான ஓசூருக்கும் அதன் காட்டோர ஊர்களுக்கும் பெயர் சொல்லும்படி ஒரு பாட்டு ஏன் இல்லை? சில்லறைக் கேள்வி போலத் தோன்றும் இது, ஊர்ப்பாட்டு என்பது எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கே கொண்டுபோய் விடுகிறது.

சினிமாவுக்கு முன்பே ஊர்களைப் பாட்டால் தரம் பிரித்தவர்கள் நாம். தேவாரத்தில் பதிகம் பெற்ற ஊர் ‘பாடல் பெற்ற தலம்’. வேறோர் ஊர்ப் பதிகத்தில் போகிற போக்கில் பெயர் மட்டும் வந்த ஊர் ‘வைப்புத் தலம்’. கொங்கு நாட்டுக்குப் பதிகம் பெற்ற தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாங்கூடலூர், கொடுமுடி. ஏழும் தெற்கே நின்றுவிட்டன. ஓசூர்க் குன்றின் மேல் சந்திரசூடேசுவரர் கோயில் இருக்கிறது, தேர்த் திருவிழாவுக்கு மூன்று மாநிலத்துக் கூட்டம் கூடுகிறது, பதிகம் இல்லை. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதிலும் பாடல் பெற்ற சிவத்தலம் ஒன்றுகூடக் கிடையாது, திவ்யதேசமும் கிடையாது. தமிழகத்தின் எல்லையைச் சொல்லும் பாட்டுகளிலும் இதே கதைதான். தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. கிழக்கும் மேற்கும் கடலென்று உரையாசிரியர்கள் நிரப்பினார்கள். பாரதியின் ‘செந்தமிழ் நாடு’ பாட்டும் அதே குமரியையும் அதே திருமால் குன்றத்தையும்தான் எல்லைக் கல்லாக நடுகிறது. வடமேற்கில் மலையும் காடும் கலந்து கிடக்கும் இந்த மூலைக்கு எந்தப் பாட்டிலும் எல்லைக்கல் இல்லை. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி ஒரு பாட்டு எழுதினார், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி அது வீடுதோறும் போனது. ‘குறையொன்றுமில்லை’ என்ற அந்தப் பாட்டும் பார்ப்பது வேங்கட மலையைத்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாரதியின் ஆற்று வரிசையில் காவிரிக்கு அடுத்ததாகத் தென்பெண்ணை வருகிறது. நந்தி மலையில் பிறக்கும் அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைவது ஓசூர்ப் பக்கத்தில்தான். ஆக, இந்த மண்ணுக்கு அந்தப் பாட்டில் ஒரு வைப்புத் தலத்துக்குரிய இடமாவது உண்டு. பெங்களூரின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் வெள்ளை நுரையாகப் பொங்கும் ஆறும் அதுவே. நுரை காற்றில் பறந்து தரைப்பாலத்தை மூடும் படங்கள் செய்தித்தாள்களில் வருகின்றன. பாட்டில் இருக்கும் பெண்ணைக்கும் அணையில் இருக்கும் பெண்ணைக்கும் உறவு சொல்வது கடினம்.

முதலில் தோன்றும் பதில், ஊர்ப்பாட்டுக்குச் சரக்கு வேண்டும், இங்கே சரக்கு இல்லை என்பது. தமிழ் ஊர்ப்பாட்டு பெரும்பாலும் ஒரு பட்டியல் என்பது உண்மைதான். 2003இல் வந்த ‘சாமி’ படப் பாட்டு ஊருக்கொரு பண்டமும் அடையாளமுமாக அடுக்குகிறது. 1972இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த ‘தெய்வம்’, மருதமலை, திருச்செந்தூர் என்று மலைக்கும் கடலுக்கும் ஒரு பாட்டாக முருகன் தலங்களுக்குப் பங்கு வைத்தது. இதில் உச்சம் 1997இல் சேரன் இயக்கிய ‘பொற்காலம்’. தேவா இசையில், வைரமுத்து எழுதி, கிருஷ்ணராஜ் பாடிய பாட்டில் ஒரு குயவன் பொம்மை செய்கிறான். தஞ்சாவூர் மண், தாமிரபரணித் தண்ணீர் என்று அங்கத்துக்கு ஓர் ஊராகச் சேர்த்துப் பிசைகிறான். தமிழ்நாட்டு வரைபடத்தையே களிமண்ணாகக் குழைத்த பாட்டு அது. நம் ஊர்ப்பாட்டுகளில் கைவேலை நயம் மிகுந்தது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் சரக்கு இல்லை என்ற பதில் நிற்காது. கிருஷ்ணகிரி மாம்பழம் இருக்கிறது. காதலர் தினத்துக்குக் கடல் தாண்டும் ஓசூர் ரோஜா இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று செல்லப் பெயர் வைத்த தளியின் குளிர் இருக்கிறது. லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு போன பொருள்கள் இங்கே செய்யப்பட்டவை. டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கடிகாரங்களை ஓசூரில் செய்தது. விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியை. ஓசூர்ப் பொருளோடு ஒட்டி இந்தியா முழுவதும் முணுமுணுத்த ஒரே மெட்டு, பதினேழு வயதுப் பையன் 1773இல் சால்ஸ்பர்க்கில் எழுதியது! பண்டம் இருந்தால் பாட்டு வந்துவிடும் என்றால் ஓசூருக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். பட்டியல் என்பது ஊர்ப்பாட்டின் உடல். உயிர் வேறெங்கோ இருக்கிறது.

அந்த உயிர் பிரிவு என்பது என் கணிப்பு. ஊரைப் பாடுகிறவன் ஒன்று அதைவிட்டுப் போனவன், அல்லது அதற்குள் புதிதாக நுழைந்து திகைப்பவன். ஊருக்குள்ளேயே பிறந்து அங்கேயே வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்புகிறவனுக்கு ஊரைப் பாடத் தோன்றுவதில்லை. 1967இல் பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில், பட்டணத்துக்கு வந்து சேர்ந்த நாகேஷுக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடிய மெட்ராஸ் பாட்டு, வெளியூர்க்காரன் வாய்பிளந்து கேட்கும் கேள்விகளால் ஆனது. 1994இல் ‘மே மாதம்’ படத்துக்காக ரகுமான் போட்ட மதராஸ் பாட்டும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவளுக்காகவே. சொந்த ஊரைப் பற்றித் தமிழில் மிக அதிகமாக ஒலிக்கும் பாட்டு எதுவென்று பாருங்கள்: 1990இல் கங்கை அமரன் இயக்கிய ‘ஊரு விட்டு ஊரு வந்து’ படத்தின் ‘சொர்க்கமே என்றாலும்’. இளையராஜாவும் ஜானகியும் பாடியது. கதை சிங்கப்பூருக்குப் போன கிராமத்தானைப் பற்றியது. அந்தப் பாட்டு எந்த ஊரைச் சொல்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிறவர் எவரோ அவர் ஊர்தான் அது.

அமெரிக்கத் தென்மாநிலப் பாட்டுகளை எடுத்தாலும் இதே சங்கதி. ஜார்ஜியா மாநிலம் 1979இல் தன் மாநிலப் பாட்டாக ஏற்றுக்கொண்ட ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’டுக்கு 1930இல் மெட்டமைத்த ஹோகி கார்மைக்கேல் இண்டியானாக்காரர். அலபாமாவைத் தாய்வீடாகப் பாடும் 1974ஆம் ஆண்டுப் பாட்டை எழுதிய மூவரில் இருவர் புளோரிடா, ஒருவர் கலிபோர்னியா. ஒலிப்பதிவு நடந்தது ஜார்ஜியாவில். கிளாடிஸ் நைட் 1973இல் பாடிப் புகழ்பெற்ற ஜார்ஜியா ரயில் பாட்டு, முதலில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தைப் பற்றி எழுதப்பட்டது. ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டாலும் பாட்டு கெடவில்லை என்றால், அதைத் தாங்கி நின்றது ஊர் இல்லை, ஊருக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள தொலைவு.

சென்னையை வைத்து இதை மறுக்கலாம். ‘மெட்ராஸ்’ படத்தில் 2014இல் பா. ரஞ்சித்தும் சந்தோஷ் நாராயணனும் தந்த வடசென்னைப் பாட்டு, வந்தேறியின் பாட்டா? ஊரைவிட்டுப் போனவனின் பாட்டா? இரண்டும் இல்லையே, அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்கிறவர்களின் பாட்டல்லவா? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாட்டின் வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அரை நூற்றாண்டாகச் சென்னையென்று திரையில் வந்தது மெரினாவும் எல்.ஐ.சி. கட்டடமும் மத்திய ரயில் நிலையமும்தான். ஊருக்குள்ளேயே ஊரிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள், இது எங்கள் ஊர் என்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பிரிவுக்கு நூறு மைல் தேவையில்லை, ஒரு பாலம் போதும். அந்தப் பாட்டுக்கு மூதாதையான கானா, சாவு வீட்டில் பாடப்பட்டு வளர்ந்தது என்பதும் தற்செயல் இல்லை.

இன்னொரு மறுப்பு மொழியைப் பற்றியது. பல மொழி புழங்கும் எல்லைச் சீமையில் யார் எந்த மொழியில் பாடுவது? 1956இல் மொழிவாரியாகக் கோடு போட்டபோது ஓசூர் தமிழ்நாட்டில் நின்றது. ஆனால் வீட்டு மொழிகள் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. பாட்டு ஒருமொழி மண்ணில்தான் முளைக்கும் என்று இதை வைத்துச் சொல்கிறார்கள். இதற்குப் பதில் இதே எல்லையின் இன்னொரு முனையில் இருக்கிறது. கன்னட நாட்டில் பிறப்பதே பிறப்பு என்று முழங்கும், நவம்பர் முதல் தேதி கர்நாடகத் தெருவெங்கும் ஒலிக்கும் பாட்டு, 1993இல் ‘ஆகஸ்மிகா’ படத்துக்காக ஹம்சலேகா எழுதி ராஜ்குமார் பாடியது. ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டத் தாளவாடிப் பக்கத்தில், தமிழ்நாட்டில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றதும் அந்தச் சொந்த ஊர் வீட்டிலிருந்துதான். எல்லைக் காட்டு ஊரிலிருந்து புறப்பட்டு, நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகத் திரிந்தவர் குரலில்தான் ஒரு மாநிலம் தன் மண்ணைக் கேட்கிறது. ஆகவே எல்லை என்பதும் மொழிக் கலப்பு என்பதும் பாட்டுக்குத் தடையாக இருந்ததில்லை. தளியிலும் ஜவளகிரியிலும் குறைவது வேறு.

ஜவளகிரிக்குப் பாட்டே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. காவிரிக்கு அப்பால் மாதேஸ்வரன் மலை. அந்தச் சாமியின் கதையைக் கம்சாளே என்ற வெண்கலத் தட்டுகளைத் தட்டிக்கொண்டு இரவு முழுக்கக் கன்னடத்தில் பாடுகிறார்கள். மலைக்கு மலை, காட்டுக்குக் காடு பெயர் சொல்லி நடக்கும் கதை. பழைய தமிழில் தகடூர் இருக்கிறது. அதியமானை ஔவை பாடினார், தகடூரை அழித்த சேரனைப் பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் பாடினார். தகடூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ சில உதிரிப் பாட்டுகள் போக மீதி அழிந்துவிட்டது. ஆனால் தகடூர் என்பது தெற்கே தருமபுரி. அங்கேயும் பாடப்பட்டது ஆளும் போரும்.

இதைவிட வலுவான சான்று அகநானூற்றில் கிடைக்கிறது. அதன் 102ஆம் பாட்டில் மலைநிலத்துத் தினைப்புனம் ஒன்று. காவல்காரன் கள்ளுண்டு கிடக்கிறான். பரண் பக்கத்தில் ஒருத்தி கூந்தலை உலர்த்திக்கொண்டே குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிர் தின்ன வந்த யானை தின்னவும் மறந்து, போகவும் மறந்து, நின்ற இடத்தில் உறங்கிப்போகிறது. அந்தக் காட்சியின் இன்றைய வடிவம் ஜவளகிரியில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கேழ்வரகு முற்றும் சமயம், பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காடு வழியாக இறங்கும்; தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வரை கொல்லை கொல்லையாகப் போய் மாசி பங்குனி வாக்கில் திரும்பும். இந்தக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு யானைக்குத் தெரியாது, கேழ்வரகு தெரியும். மரக்கொம்பில் கட்டிய பரணில் ஒரு ஆள், கையில் பேட்டரி லைட், காலடியில் தட்டுவதற்குத் தகர டின், பட்டாசுக் கட்டு, எதிரே யானைத் தடுப்பு அகழி. அகழியில் மண் சரிந்த இடம் எதுவென்று அவருக்கும் தெரியும், யானைக்கும் தெரியும். பாட்டு பாடி யானையைத் தூங்கவைக்கும் நம்பிக்கை யாருக்கும் இல்லை. தகரச் சத்தம்தான் இருக்கிறது. விடிந்ததும் கொல்லையைப் பார்த்து, மிதிபட்ட தாளுக்கு இழப்பீடு கேட்டு மனு எழுத வேண்டும்.

அந்தச் சங்கப் பாட்டில் ஊர்ப் பெயர் இல்லை. இருந்த இடத்திலிருந்து பாடும் அகப்பாட்டுக்குத் திணை போதும். மலை, தினை, யானை, பெண் என்றால் நிலம் நிரம்பிவிடும். ஊர்ப் பெயர் வரும் இடம் பெரும்பாலும் புறம், அதாவது யாரையாவது புகழும்போதோ எங்காவது போகும்போதோ. ஜவளகிரி இன்றும் திணையில்தான் வாழ்கிறது. அங்கே யானையும் பயிரும் பாட்டுப் பொருளாவதற்கு இரண்டாயிரம் ஆண்டுத் தகுதி பெற்றவை. ஊர் ஊராகப் பாட்டுக்குள் வர, அதை விட்டுப்போய் ஏங்குபவர்கள் வேண்டும்.

அவர்கள்தான் இங்கே குறைவு. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். மதுரைக்காரன் சென்னைக்குப் போனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். இந்தப் பக்கத்துப் பையன் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறான். தக்காளியும் கொத்தமல்லியும் நள்ளிரவில் டெம்போவில் ஏறிக் காலையில் விற்றுக் காசாகி மத்தியானம் வீடு சேர்கின்றன. போய்வரும் தொலைவில் பெருநகரம் இருப்பது வயிற்றுக்கு நல்லது, பாட்டுக்கு ஆகாது. வேலை தேடி ஓசூருக்கு வந்தவர்களோ தருமபுரியையும் திருவண்ணாமலையையும் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஏங்குவது அந்த ஊர்களுக்காக. ஆண்டுதோறும் இந்த மண்ணை விட்டுப் பிரிந்து, தேடித் திரும்பி வருவது யானைக் கூட்டம் ஒன்றுதான்.

அரசு ஒரு பாட்டு எழுதச் சொன்னால் ஆயிற்று என்பவர்கள் உண்டு. சொல்லிப் பார்த்த முன்மாதிரியும் இருக்கிறது. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்குக் கருணாநிதி எழுத, ரகுமான் இசையமைத்த பாட்டு உலகெங்கும் போனது. மொழியையும் நூல்களையும் போற்றியது. மாநாடு நடந்த கோயம்புத்தூரை அதில் தேட வேண்டும். ஏற்பாட்டுப் பாட்டுக்கு அந்த வரம்பு இயல்பு. அது விழாவைப் பாடும், ஊரைப் பாடாது.

ஓசூரைப் பற்றிய முதல் நல்ல பாட்டு எங்கிருந்து வரும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு துப்பு இருக்கிறது. இலங்கையின் கண்டியை நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் ஏராளமாகப் பாடியிருக்கின்றன. பாடியவர்கள் கண்டிக்காரர்கள் அல்ல. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு இங்கே நின்றவர்களும், போய் அங்கே மாட்டிக்கொண்டவர்களும். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் அந்தக் குரல்கள் இருக்கின்றன. போஜ்புரியில் இதற்கு ‘பிதேசியா’ என்று தனி மரபே உண்டு; கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போனவனை நினைத்து வீட்டில் இருப்பவள் பாடுவது, பிகாரி தாக்கூர் மேடையேற்றியது. கல்கத்தாவைக் கல்கத்தாக்காரர்கள் பாடிய பாட்டுகளுக்குப் பக்கத்தில் இவற்றை வைத்தால் இரண்டு வேறு ஊர்களாகத் தெரியும்.

இன்று ஓசூர்ப் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் ஜார்க்கண்ட், ஒடிசா என்று தொலைவிலிருந்து வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். விடுதியிலிருந்து கம்பெனிப் பேருந்தில் ஏறி, ஷிப்ட் முடிந்து அதே பேருந்தில் திரும்புகிறார்கள். இரண்டு நாள் ரயில் தொலைவில் அவர்கள் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஓசூரைப் பற்றிப் பாட்டு கட்டத் தேவையான பிரிவு அந்த வீடுகளில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டு சந்தாலியிலோ ஒடியாவிலோ முண்டாரியிலோ வரக்கூடும், ஏற்கெனவே கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தாலும் வியப்பதற்கில்லை. அதில் நமக்குப் பெருமை சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தமிழ்ப் பாட்டில் வரும் கண்டிச் சீமை கங்காணியும் கடனும் அட்டைக்கடியும் உள்ள சீமை. ஓசூரும் அப்படித்தான் வரும்: விடுதிச் சாம்பாரும் மார்கழிக் குளிரும் இரவு ஷிப்டும் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களுமாக. ரோஜாவும் மாம்பழமும் அந்தப் பட்டியலில் இருக்குமா என்பது அவற்றில் ஒன்றையாவது அந்தப் பெண்களுக்கு இங்கே யாராவது வாங்கிக் கொடுத்தார்களா என்பதைப் பொறுத்தது.